கடற்குதிரைக்கு ஏற்ற நீரோட்டம்

கினிகத்தேனையில் வாழ்வோருக்கு நீரின் வேகத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறிச் செல்லும் பாதை மலைக்கணவாயைக் கடக்கும் இடத்தில் அவ்வூர் அமைந்திருக்கிறது. அதற்கு அணித்தாயுள்ள வட்டவளைப் பகுதி ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையைப் பெறுகிறது. ஒருபுறம் கெஹெல்கமு ஓயா அபர்டீன் நீர்வீழ்ச்சியாகப் பாய்கிறது. மறுபுறம் மஸ்கெலி ஓயா இலக்சபான நீர்வீழ்ச்சியாக விழுகிறது. இவ்வாறுகளின் வீழ்ச்சியைக்கொண்டு மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். 1950-இல் பழைய இலக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நீர் எவ்வளவு விரைந்து விழுகிறதோ அவ்வளவுக்கு அது மதிக்கப்படும் நாடு மலைநாடு.

இத்தகைய ஊரில் ஒருவர் தம் வீட்டினுள் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்துக் கடற்குதிரை வளர்க்க விரும்புவாராயின், அவர் இந்த மதிப்பீட்டைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியவராகிறார். விரைந்தோடும் நீரில் கடற்குதிரை வாழாது; தேங்கிய நீரிலும் வாழாது. தூய்மையாகவும் இருக்க வேண்டும், மென்மையாகவும் இயங்க வேண்டும் என்னும் இரண்டு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் நீரே அதற்கு ஏற்றது. அந்நீரைத் தருவதற்கு எவ்வகை வடிப்பான், எவ்வகைப் பம்பி வேண்டும் என்பதை ஆராயுமுன், அவ்வுயிரின் உடலமைப்பைச் சிறிது நோக்குதல் நலம்.

கடற்குதிரை ஒரு மீன். ஆயினும் மீனுக்குரிய வால்துடுப்பு அதற்கு இல்லை. முதுகிலுள்ள சிறு துடுப்பை விநாடிக்கு முப்பதுக்கு மேற்பட்ட முறை அசைத்து, நிமிர்ந்த நிலையிலேயே அது மெல்ல நகர்கிறது. செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வளையங்களாக உடலைச் சூழ்ந்திருப்பதால், ஏனைய மீன்களைப்போல் உடலை வளைத்து நீந்த இயலாது. எனவே வாலினாற் கடற்புல்லையோ வேரையோ சுற்றிப் பிடித்துக்கொண்டு, தன் முன்னே மிதந்து வரும் நுண்ணிய இறால்களைக் குழல் போன்ற வாயினால் உறிஞ்சி உண்கிறது. அதற்குப் பற்களும் இல்லை; இரைப்பையும் இல்லை. உண்ட உணவு குடலினூடாக விரைந்து கழிந்துவிடுவதால், நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையேனும் அதற்கு உணவிட வேண்டும். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் படுகைகளில் வாழும் ஹிப்போகம்பஸ் கூடா என்னும் இனமே இப்பகுதி மக்களுக்கு நன்கு அறிமுகமானது. 1852-இல் பிளீக்கர் என்னும் ஒல்லாந்த அறிஞர் அதனை விவரித்துப் பெயரிட்டார்.

இனி, இடர் எங்கே தோன்றுகிறது என்பது புலனாகும். அடிக்கடி உணவிடுவதால் உண்ணப்படாத இறாலும் கழிவும் தொட்டியில் மிகுதியாகச் சேர்கின்றன. அவற்றை அகற்ற வலிமையான வடிப்பு வேண்டும். வலிமையான வடிப்பு என்றால் பலரும் வலிமையான பம்பியையே எண்ணுவர். அப்பம்பியின் வேகமோ உணவைக் கடற்குதிரையின் வாய்க்கு எட்டாதபடி அடித்துச் செல்கிறது. நீந்த முயலும் உயிரைக் கண்ணாடியில் மோதுகிறது. வேகத்துக்கு அஞ்சிப் பம்பியைக் குறைத்தாலோ, மூலைகளிற் கழிவு தங்கி நீர் கெடுகிறது. கடற்குதிரையின் செவுள்கள் குஞ்சம் போன்று சிறுத்திருப்பதால், ஒட்சிசன் குறைந்த நீரில் அது விரைவிற் களைத்துவிடும். ஆகவே நல்ல கருவியின் இலக்கணம், வேகத்தைப் பரப்பித் தணித்து, தூய்மையைக் குறைக்காமல் தருவதாகும்.

கடலோரத்தில் இவ்விடர் அத்துணைக் கடுமையானதன்று. 1909-ஆம் ஆண்டில் சென்னை மெரினாக் கடற்கரையில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டபோது, கடல் அதன் வாயிலிலேயே இருந்தது. பழைய நீரைப் போக்கிப் புதுநீரைக் கொணர்வது அத்தகைய இடத்தில் எளிது. கினிகத்தேனைக்கும் கொழும்புக் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் மலைப்பாதை கிடக்கிறது. அங்கே கடல்நீரை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ள வேண்டும்; கடல் செய்யும் தூய்மைப்பணியைக் கருவிகளே செய்ய வேண்டும்.

கடல்நீரை ஆக்குதற்குச் சமையல் உப்பு உதவாது. ஆனையிறவு போன்ற உப்பளங்களிற் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முன்னரே படிந்துவிடுகிறது. மகனீசியம் முதலியன இறுதியில் எஞ்சும் கசப்புநீரிலே நின்றுவிடுகின்றன. இடையிற் படியும் உப்பே உணவுக்கு வருகிறது. உயிர்களுக்கோ இவை யாவும் உரிய அளவில் வேண்டும். ஆதலின் மீன்தொட்டிகளுக்கென்றே கலந்து விற்கப்படும் கடலுப்பை, லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைத்துப் பயன்படுத்த வேண்டும். நன்னீரிலும் கவனம் வேண்டும். தோட்டங்களிற் பீலியில் வரும் நீர் தெளிவாகத் தோன்றினும், மேலேயுள்ள தேயிலை மலைகளில் இட்ட உரமும் தெளித்த மருந்தும் மழையோடு அதிற் கலந்திருக்கக்கூடும். குழாய்நீரிற் குளோரீன் இருக்கக்கூடும். நுண்மென்படலத்தினூடாக நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. கருவி ஒன்றை முதற் செலவாகக் கொள்வது பின்வரும் பல துன்பங்களைத் தவிர்க்கும்.

வடிப்பு என்பது மூன்று வேலைகளைக் குறிக்கும். முதலாவது, கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பஞ்சிலோ ஸ்பொஞ்சிலோ பிடித்து நிறுத்துதல். பிடித்து நிறுத்திய அழுக்கு நீருக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அப்பஞ்சை எடுத்துக் கழுவாவிடின் அது வடிப்பானாக இராது, அழுகற் கிடங்காகிவிடும். எளிதில் வெளியே எடுக்கக்கூடிய பஞ்சையுடைய கருவியே சிறந்தது. பத்துத் திருகுகளைக் கழற்றினால்தான் கழுவலாம் என்னும் கருவி நாளடைவிற் கழுவப்படாமலே விடப்படும்.

இரண்டாவது வேலை, கண்ணுக்குத் தெரியாத நஞ்சை மாற்றுதல். கழிவிலிருந்து அமோனியா தோன்றுகிறது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், பிறிதொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இப்பற்றீரியாக்களை 1890-ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்து அறிவித்தார். முதல் இரண்டு பொருள்களும் கொடியவை; மூன்றாவது அளவு மீறாதவரை தாங்கத்தக்கது. கடல்நீர் காரத்தன்மை உடையதாகையால், அமோனியாவின் நச்சு வடிவம் நன்னீரிலும் பார்க்க அதில் மிகுதி. கப்பி வளர்த்த பழக்கத்தைக்கொண்டு கடற்குதிரைத் தொட்டியை மதிப்பிடுவோர் ஏமாறுவது இதனாலேயே. பற்றீரியாக்கள் தங்குவதற்கு நுண்துளைகளும், வாழ்வதற்கு ஒட்சிசனும் வேண்டும். அவை பெருகித் தொட்டி பக்குவப்படுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையிற் சுழியமாகும்வரை எந்த உயிரையும் இடலாகாது.

மூன்றாவது வேலை, கரைந்த பொருள்களை நீரிலிருந்தே வெளியேற்றுதல். இதற்குச் செயலூட்டிய கரியும், கடைகளில் ஸ்கிம்மர் என வழங்கும் நுரைவடிப்பானும் உள்ளன. உவர்நீரில் மிக நுண்ணிய காற்றுக்குமிழிகளைக் கலந்தால் புரதப் பொருள்கள் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டி நுரையாக எழுகின்றன. அந்நுரை கிண்ணத்தில் வடிந்து வெளியேறுகிறது. அழுக்கு நஞ்சாவதற்கு முன்னரே அகற்றப்படுவதால், அடிக்கடி உணவிடப்படும் கடற்குதிரைத் தொட்டிக்கு இது மிகவும் பயன்படும். எனினும் அதன் குமிழிகள் உயிர்கள் வாழும் தொட்டிக்குள் வரலாகாது. மேற்பரப்பிற் காற்றை விழுங்கிய குஞ்சுகள் மிதந்து மடிவதுண்டு. பம்பியின் உறிஞ்சுபக்கத்தில் காற்றுப் புகுந்து அழுத்தத்தாற் கரையுமாயின் வளர்ந்த மீன்களுக்கும் குமிழி நோய் உண்டாகலாம்.

இம்மூன்று வேலைகளுக்கும் சந்தையில் உள்ள கருவிகளுள் எதனைத் தெரிவது? சரளைக்கு அடியில் வைக்கும் தட்டு வடிப்பான் விலை குறைந்தது. ஆனால் உணவுத் துணுக்குகளைச் சரளைக்குள் இழுத்துப் புதைத்துவிடுகிறது. பக்கத்தே தொங்கவிடும் வடிப்பான் சிறு தொட்டிக்கு ஓரளவு உதவும். நாற்புறமும் மூடிய டப்பா வடிப்பான் ஓசையின்றி நன்றாக வேலை செய்யும். எனினும் அதற்கு மலைநாட்டில் ஒரு தனிக்குறை உண்டு. அது பின்னர்க் கூறப்படும். காற்றுப் பம்பியினால் இயங்கும் ஸ்பொஞ் வடிப்பான் மிக எளியது. அதன் நீரோட்டம் மென்மையானது, வாலோ குஞ்சோ அகப்படுவதற்கு அதில் இடமில்லை, விலையும் குறைவு. அதனால் மட்டும் ஒரு தொட்டி நிறைவாக நடைபெறாவிடினும், எந்தக் கடற்குதிரைத் தொட்டியிலும் ஒன்று இருத்தல் நன்று. 1961-ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் குடியிருக்கும் கடற்கற்களும் மெல்லிய காற்றோட்டமுமே தொட்டிநீரைக் காக்கும் என்று எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். அவர் கண்ட உண்மை இன்றும் பொருந்தும். ஆயினும் இலங்கைக் கரையோரத்திற் பவளக்கல் அகழ்தல் தடைசெய்யப்பட்டுள்ளமையால், நுண்துளைகள் நிறைந்த சுட்ட மண்வளையங்களைக்கொண்டு அப்பயனைப் பெறவேண்டும்.

யாவற்றையும் ஒப்புநோக்கின், தொட்டியின் கீழே வேறொரு சிறு தொட்டியை வைத்து, மேலிருந்து வழியும் நீரை அதில் வடித்து, மீண்டும் மேலே ஏற்றும் முறையே மேம்பட்டது. பஞ்சு, மண்வளையம், நுரைவடிப்பான், சூடாக்கி ஆகிய யாவும் கீழ்த்தொட்டியிலேயே அடங்கிவிடும். சூடாக்கியில் வாலைச் சுற்றிக் கடற்குதிரை புண்படும் இடர் நீங்கும். தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையே குமிழிகள் அடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு சோடிக் கடற்குதிரைகளுக்கு 60 சென்ரிமீற்றர் நீளமும், 45 சென்ரிமீற்றர் அகலமும், 60 சென்ரிமீற்றர் உயரமுமுள்ள தொட்டி பொருத்தமானது. இணைசேரும்போது இரண்டும் ஒன்றாக மேலெழுவதால், வளர்ந்த உயிரின் நீளத்தைப்போல் மும்மடங்கேனும் உயரம் வேண்டும். அத்தொட்டியின் கொள்ளளவு 162 லீற்றர். மேல்விளிம்பை விட்டுக் கணக்கிட்டால் ஏறக்குறைய 140 லீற்றர் நீர் நிற்கும். மணிக்கு 5 முறை அந்நீர் கீழ்த்தொட்டிக்குச் சென்று திரும்புவதாயின் 700 லீற்றரை மேலேற்றும் பம்பி வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை உயர்த்தாமல் ஓடவிடும்போது கிடைக்கும் அளவாகும். ஒரு மீற்றருக்கு உயர்த்தும்போது அது பெரிதும் குறைந்துவிடும். எனவே அந்த உயரத்துக்கு 700 லீற்றர் தரும் பம்பியைக் கேட்டு வாங்குவதே முறை.

முற்காலத்தில் மணிக்கு 3 முதல் 5 முறை சுழற்சியே கடற்குதிரைக்குப் போதும் எனக் கூறப்பட்டது. அதனைப் பின்பற்றிய தொட்டிகளில் கழிவு தேங்குவதைக் கண்டபின், 10 முறையும் அதற்கு மேலும் சுழற்றலாம், ஆனால் அவ்வோட்டம் ஒரே தாரையாக வருதல் கூடாது என்னும் கருத்து வலுப்பெற்றது. திரும்பிவரும் நீரை ஒரு குழாய்முனையால் விடாமல், நெடுகத் துளையிட்ட குழாயினூடாகப் பரப்பி, மேற்பரப்பை நோக்கி விட்டால் வேகம் தணியும். நீரின் மேற்பரப்பு அசைந்து ஒட்சிசன் சேரும். அதன்பின்னும் மூலைகளில் அழுக்குத் தங்குமாயின், அகன்ற வாயுடைய சிறு சுழற்பம்பி ஒன்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்பிவைக்கலாம். எந்தப் பம்பியின் உறிஞ்சுவாயும் ஸ்பொஞ்சினால் மூடப்பட்டிருத்தல் இன்றியமையாதது. வாலின் நுனி அகப்பட்டால் உண்டாகும் புண்ணின் வழியே நோய் புகுந்து உயிரைக் கொல்லும்.

ஓட்டம் சரியானதா என்பதை அறிய அளவுகருவி வேண்டியதில்லை. உணவு இறால் சிலவற்றை இட்டுப் பார்த்தாற் போதும். அவை சுழன்று சுழன்று எங்கும் நில்லாவிடின் வேகம் அதிகம். இட்ட இடத்திலேயே அடியிற் படிந்து கிடந்தால் வேகம் போதாது. தொட்டியின் ஒரு பக்கம் சற்று விரைந்தும், மறுபக்கம் அமைதியாகவும் இருந்து, இரு பக்கத்திலும் வால் பற்றுதற்கான கொம்புகள் நடப்பட்டிருக்குமாயின், தனக்கேற்ற இடத்தைக் கடற்குதிரை தானே தெரிந்துகொள்ளும்.

இனி, முன்னர்க் குறித்த தனிக்குறைக்கு வருவோம். மின்சாரம் பிறக்கும் மலைகளின் நடுவே இருப்பினும், கினிகத்தேனையில் அது தடையின்றிக் கிடைக்கும் என்று எவரும் உறுதி கூறார். இடியும் மழையும் மண்சரிவும் கம்பிகளை அறுப்பதுண்டு. 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டமையை மக்கள் மறந்திரார். அத்தகைய வேளையில் மூடிய டப்பா வடிப்பானுள் நீர் அசைவற்று நின்றுவிடுகிறது. உள்ளேயுள்ள பற்றீரியாக்கள் எஞ்சிய ஒட்சிசனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்குகின்றன. மின்சாரம் திரும்பியதும் பம்பி தானாகவே இயங்கி, அந்த அழுகல் நீரை ஒருங்கே தொட்டிக்குள் தள்ளிவிடுகிறது. மின்வெட்டைத் தாங்கிய உயிர் மின்சாரம் வந்தபின் இறப்பதற்கு இது ஒரு காரணம். அதை வைத்திருப்போர், நெடுநேர மின்வெட்டின் பின் உள்ளே நின்ற நீரைக் கொட்டிக் கழுவிய பின்னரே மீண்டும் இயக்க வேண்டும்.

திறந்த கீழ்த்தொட்டியில் இவ்விடர் குறைவு. ஆனால் வேறொன்று உண்டு. பம்பி நின்றதும் மேல்தொட்டியின் நீர், வழிவாய் மட்டம் வரை கீழே இறங்கும். மேற்கூறிய தொட்டியில் 3 சென்ரிமீற்றர் நீர் இறங்கினால் அது 8 லீற்றருக்கு மேலாகும். குழாய்களிலுள்ள நீரும் அதனுடன் சேரும். அவ்வளவையும் ஏற்க வெற்றிடம் இல்லாத கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து, உவர்நீர் தரையிலும் மின்கம்பிகளிலும் பாயும். ஏற்றுகுழாயின் மேற்பகுதியில் காற்றுப்புகச் சிறு துளை இடாவிடின், அக்குழாயே எதிர்த்திசையில் நீரை உறிஞ்சி இறக்கிவிடும். மின்கம்பிகள் செருகியை அடையுமுன் கீழே தொங்கி மேலேறும்படி அமைத்தால், கம்பி வழியே வடியும் நீர் செருகிக்குள் புகாது. ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் உவர்நீர்த் தொட்டி வைத்தல் மனித உயிருக்கே ஆபத்து.

மின்சாரம் இல்லாத நேரத்துக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை ஸ்பொஞ் வடிப்பானுடன் இணைத்து வைத்திருப்பது கட்டாயம். பெரிய பம்பியிலும் பார்க்க இச்சிறு கருவியே சிலவேளை உயிர்காக்கும். இரவு வேளையில் தானே இயங்கத் தொடங்கும் வகை கிடைக்குமாயின் அதுவே தக்கது.

மலைநாட்டின் தட்பவெப்பம் இவ்வகையில் ஒரு பேருதவி. ஹிப்போகம்பஸ் கூடா இனம் தொட்டியில் 24 முதல் 26 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நலமாக வாழும். தாழ்நில நகரங்களில் நீர் 30 பாகையை எட்டும்போது விப்ரியோ முதலிய பற்றீரியாக்கள் பெருகி நோய் விளைக்கின்றன. அங்கே விலைமிகுந்த குளிரூட்டி தேவைப்படும். கினிகத்தேனையில் குளிரிரவுகளுக்கு வெப்பக்கட்டுப்பாடுள்ள சிறு சூடாக்கியே போதும். நீருள் இயங்கும் பம்பிகளும் வெப்பம் தருவன. ஆதலின் தேவைக்கு மிஞ்சிய பம்பி அவ்வகையிலும் தீங்கானது. நோய்க்கிருமிகளைக் குறைக்கப் புறஊதா விளக்குப் பொருத்துவோரும் உண்டு. அது துணைக்கருவி மட்டுமே. நீரை மெல்லச் செலுத்தி, விளக்கை ஆண்டுதோறும் மாற்றினாலன்றிப் பயன் தராது.

இவ்வளவு கவனம் ஒரு சிறு மீனுக்கு எதற்கு என்று கேட்கலாம். கடற்குதிரைகள் மருந்துக்கெனவும் அலங்காரத்துக்கெனவும் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டு வந்தன. பாக்கு நீரிணையின் இழுவை வலைகளில் அகப்பட்டு உலர்த்தப்பட்டவை பல. இந்தியா 2001-ஆம் ஆண்டில் அவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. சைற்றிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கை, 2004-ஆம் ஆண்டு மே மாதம் முதல் எல்லாக் கடற்குதிரை இனங்களின் வாணிகத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. கடலிற் பிடித்தவை உறைந்த உணவை ஏற்க மறுத்துப் பட்டினியால் மடிவதும் உண்டு. எனவே பண்ணையிற் பிறந்து, உறைந்த இறாலை உண்ணப் பழகிய, உரிய சான்றுடைய உயிரையன்றி வேறொன்றை வாங்குதல் தகாது.

வாங்கும் முறையும் இதனால் தெளிவாகிறது. தொட்டியும் கருவிகளும் முதலில், ஆறு வாரம் அவை வெறுமையாக இயங்குதல் அடுத்து, உயிர் இறுதியில். அந்த ஆறு வாரத்துள் ஒருநாள் மாலை, வீட்டுக்காரர் தாமே மின்சாரத்தை நிறுத்தி நான்கு மணி நேரம் காத்திருந்து பார்ப்பாராக. கீழ்த்தொட்டி வழிகிறதா, மின்கலப் பம்பி இயங்குகிறதா, மின்சாரம் திரும்பியதும் யாவும் முறைப்படி தொடங்குகின்றனவா என்பது அன்று தெரிந்துவிடும். அச்சோதனையிற் குறை தோன்றினால் இழப்பு ஒரு வாளி உவர்நீர்; உயிர்களை இட்டபின் தோன்றினால் இழப்பு உயிர். குறைகளைத் திருத்தி, சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து தேறிய தொட்டிக்கே கடற்குதிரையை அழைத்து வரலாம்.